முரளியின் முழங்கையும் உங்கள் மகனின் ஆஃப் ஸ்பின்னும்

மகனுக்கு 11 வயது, ஆஃப் ஸ்பின் போடுகிறான். எச்சிலை எடுத்து மரபணு சோதனை செய்தால் அவனுக்கு எந்த விளையாட்டு ஒத்துவரும் என்று சொல்லிவிடலாம் என ஒரு விளம்பரம் பார்த்திருக்கிறீர்கள். வீட்டில் ஒருவர், திறமை பிறவியிலேயே வர வேண்டும் என்கிறார். இன்னொருவர், பத்தாயிரம் மணி நேரம் உழைத்தால் யாரும் சாம்பியன் ஆகலாம் என்கிறார். யார் சொல்வது சரி, சோதனை எடுக்கலாமா என்பது உங்கள் கேள்வி.

சோதனை வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல ஷூவும் அரை டஜன் பந்தும் வாங்கிக் கொடுங்கள். காரணம் சொல்லக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல வருடமாகப் பயிற்சி கொடுத்து வருகிறேன். இந்தத் துறையில் வரும் ஆய்வுகளையும் விடாமல் படிக்கிறேன். உங்கள் மகன் ஆஃப் ஸ்பின்னர் என்பதால் முரளிதரனிடமிருந்தே தொடங்குகிறேன்.

முத்தையா முரளிதரன் 1972இல் கண்டியில் பிறந்தவர். டெஸ்ட்டில் 800 விக்கெட், ஒருநாள் ஆட்டங்களில் 534. இரண்டையும் யாரும் தாண்டவில்லை. அவருடைய வலது முழங்கை பிறவியிலேயே முழுதாக நீளாது. நீட்டச் சொன்னாலும் வளைந்தே நிற்கும். மணிக்கட்டோ நம்மில் பெரும்பாலோருக்குத் திரும்பாத அளவுக்குத் திரும்பும். 1995 டிசம்பரில் மெல்போர்னில் நடுவர் டாரல் ஹேர், வீசும்போது முழங்கையை நீட்டிப் பந்தை எறிகிறார் என்று சொல்லி அவருக்கு ஏழு முறை நோபால் கொடுத்தார். அந்தச் சந்தேகம் அவர் ஆடிய காலம் முழுக்கக் கூடவே வந்தது.

அந்தச் சந்தேகம் எங்கிருந்து வருகிறது என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். கையை முன்னால் நீட்டி முழங்கையைக் கொஞ்சம் மடக்கிக்கொள்ளுங்கள். அந்த மடக்கை மாற்றாமல் தோளை மட்டும் உள்ளேயும் வெளியேயும் சுழற்றிக் கண்ணாடியைப் பாருங்கள். கண்ணாடியில் கை மடங்கி நீள்வது போலவே தெரியும். முரளி வீசும்போது ஒரு பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் கண்டது பெரும்பாலும் இதைத்தான். பெர்த்தில் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் பல கேமராக்களை வைத்து முப்பரிமாணத்தில் அளந்தார்கள். 2004இல் முரளி, முழங்கை அசைய முடியாதபடி கவசம் மாட்டிக்கொண்டு, அதே பந்துகளைக் கேமரா முன்னால் வீசிக் காட்டினார். 2005இல் ஐசிசி, வீசும்போது முழங்கை 15 டிகிரி வரை நீளலாம் என்று எல்லாப் பந்து வீச்சாளர்களுக்கும் அனுமதித்தது. துல்லியமாக அளக்கத் தொடங்கியபோது, சுத்தமான ஆக்‌ஷன் என்று பெயர் வாங்கிய பலருக்கும் முழங்கை கொஞ்சம் நீள்வது தெரிந்ததுதான் அந்த மாற்றத்துக்குக் காரணம்.

அப்படியானால் பிறவி வாகுதானே எல்லாம் என்று உங்கள் வீட்டில் ஒருவர் கேட்பார். அவரிடம் இதைச் சொல்லுங்கள். முரளி கண்டி புனித அந்தோணியார் கல்லூரியில் படித்தபோது மிதவேகப் பந்து வீச்சாளர். அதே முழங்கை, அதே மணிக்கட்டு 13 வயதிலும் அவரிடம் இருந்தன. அவற்றை வைத்துக்கொண்டு மிதவேகம் போட்டுக்கொண்டிருந்தார். 14 வயது வாக்கில் பள்ளிப் பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ, சுழற்பந்து போட்டுப் பார் என்றார். அந்த மணிக்கட்டை என்ன செய்யலாம் என்று முரளி கற்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். ஆஃப் ஸ்பின் போலவே வீசி எதிர்ப்பக்கம் திரும்பும் தூஸ்ராவைக் கையில் கொண்டுவந்தது, சர்வதேச ஆட்டத்துக்கு வந்து பல வருடம் கழித்து. உடல் ஒரு வாய்ப்பைக் கொடுத்தது, ஒரு பெரியவரின் கண் அதைப் பார்த்தது, பிறகு வருடக்கணக்கில் நெட்ஸ். இதில் எதை எடுத்துவிட்டாலும் 800 இல்லை.

இங்கே ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். பிறவியிலேயே இருப்பதெல்லாம் மரபணுவால் வந்தது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கருவில் வளரும்போது நேர்ந்ததும் பிறவியில் இருப்பதுதான். அதேபோல, பந்து வீச்சாளரின் விசித்திரமான கை பிறவியில் வந்ததாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. மைசூரில் பிறந்த பி.எஸ். சந்திரசேகருக்குச் சிறு வயதில் போலியோ வந்து வலது கை சூம்பிப்போனது. ஃபீல்டிங்கில் பந்தை இடது கையால் எறிவார். அந்தச் சூம்பிய வலது கையால்தான் லெக் ஸ்பின் போட்டு 58 டெஸ்ட்டில் 242 விக்கெட் எடுத்தார். 1971 ஓவலில் 38 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்து, இங்கிலாந்து மண்ணில் இந்தியா முதல் தொடரை வெல்லக் காரணமாக இருந்தார். அந்தக் கை ஒரு நோய் விட்டுச்சென்ற கை. எந்த மரபணுச் சீட்டிலும் அது வந்திருக்காது.

சரி, மரபணுவுக்கு வருவோம். ஒரே ஒரு மரபணு ஒருவரின் விளையாட்டை வெளிப்படையாக மாற்றிய கதை உண்டா? உண்டு. பின்லாந்தின் ஈரோ மான்டிரான்டா பனிச்சறுக்கு வீரர், ஒலிம்பிக்கில் ஏழு பதக்கம் வென்றவர். 1964 இன்ஸ்ப்ருக் ஒலிம்பிக்கில் 15 கிலோமீட்டர் போட்டியில் இரண்டாவதாக வந்தவரை 40 வினாடி பின்னால் விட்டார். இரத்தச் சிவப்பணுக்கள் போதும் என்று உடல் நிறுத்த வேண்டிய இடத்தில் அவர் உடல் நிறுத்தாது. அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை 1993இல் அவருடைய குடும்பத்தாரைச் சோதித்துக் கண்டுபிடித்தார்கள். அவர் இரத்தம் மற்றவர்களுடையதைவிட அதிக ஆக்சிஜனைத் தூக்கிச் சென்றது. ஆனால் அதே மாற்றம் அவர் உறவினர்களில் இருபதுக்கும் மேற்பட்டோருக்கு இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் விளையாட்டு வீரர்களே இல்லை. மான்டிரான்டாவோ சிறுவனாக இருந்தபோதே பனியில் சறுக்கித்தான் பள்ளிக்கூடம் போனவர்.

இப்படி ஒரே மரபணுவில் பெரிய வித்தியாசம் கிடைப்பது மிக அபூர்வம். விளம்பரங்களில் 'வேக மரபணு' என்று சொல்லப்படுவது ஏசிடிஎன்3. வேகமாகச் சுருங்கும் தசை நார்களில் இருக்கும் ஒரு புரதத்தை உண்டாக்குவது. குறுந்தூர ஓட்டப் பந்தயத்தில் உச்சத்தில் இருப்பவர்களில் இந்தப் புரதம் இல்லாதவர்கள் மிகக் குறைவு என்று 2003இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அது உண்மையான, நல்ல ஆய்வு. ஆனால் உலகில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத்தான் இந்தப் புரதம் இல்லை. உங்கள் மகனுக்கு 'வேக மரபணு இருக்கிறது' என்று ஒரு சீட்டு வந்தால், தெருவில் போகும் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கும் அதே சீட்டுதான் வரும். அதை வைத்துக்கொண்டு என்ன முடிவு எடுப்பீர்கள்?

உயரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். டேப்பை வைத்து அளந்துவிடலாம், பெற்றோரிடமிருந்து பெருமளவு வருவது என்று எல்லோருக்கும் தெரியும். 2022இல் 54 லட்சம் பேரின் மரபணுத் தகவலைச் சேர்த்து ஆராய்ந்தபோது, உயரத்தோடு தொடர்புள்ள 12,000க்கும் மேற்பட்ட இடங்கள் மரபணுத் தொகுதியில் கிடைத்தன. ஒவ்வொன்றும் தள்ளுவது துளி அளவு. அத்தனையையும் கூட்டினாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் உயர வேறுபாட்டில் 40 சதவீதத்தைத்தான் விளக்க முடிந்தது, மற்றவர்களுக்கு இன்னும் குறைவு. உயரத்துக்கே இந்தக் கதை என்றால், பந்தைக் காற்றில் மிதக்கவிட்டு பேட்ஸ்மேனை ஏமாற்றும் கலைக்கு ஒரு சொட்டு எச்சிலில் என்ன பதில் இருக்கும்? விளையாட்டு மரபணுவியலில் வேலை செய்யும் விஞ்ஞானிகள் பலர் சேர்ந்து 2015இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பிள்ளைகளின் திறமையைக் கண்டுபிடிக்கவோ பயிற்சியைத் தீர்மானிக்கவோ இந்தச் சோதனைகளைப் பயன்படுத்தக் கூடாது என்று அதில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இதனால் மரபணு ஒன்றும் செய்யாது என்று நினைத்துவிடாதீர்கள். அது வேலை செய்யும் இடம் நாம் தேடும் இடத்தில் இல்லை, அவ்வளவுதான். அமெரிக்கா, கனடாவில் குளோட் புஷார்ட் என்ற ஆய்வாளர் முன்னின்று நடத்திய ஹெரிடேஜ் ஆய்வு என்று ஒன்று இருக்கிறது. உடற்பயிற்சியே செய்யாதவர்களைக் குடும்பம் குடும்பமாகச் சேர்த்து, 20 வாரம் ஒரே மாதிரி சைக்கிள் பயிற்சி கொடுத்தார்கள். உடல் ஒரு நிமிடத்தில் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் அளவு சராசரியாக 400 மில்லிலிட்டர் கூடியது. சிலருக்கு ஒரு லிட்டர் கூடியது. சிலருக்கு ஏறத்தாழ ஒன்றுமே கூடவில்லை. அதே பயிற்சி, அதே 20 வாரம். ஒரே குடும்பத்துக்குள் முன்னேற்றம் ஒத்துப்போனது. அந்த வேறுபாட்டில் ஏறத்தாழ பாதி, குடும்பத்தின் வழியாக வருவது என்று கணக்கிட்டார்கள்.

இதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். நானே பல வருடம், முன்னேறாத பிள்ளை சரியாக உழைக்கவில்லை என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். அது அநியாயம். பயிற்சி எல்லோருக்கும் ஒரே கூலி கொடுப்பதில்லை. ஒரு முறையில் முன்னேறாத பிள்ளைக்கு முறையை மாற்றிப் பார்ப்பதுதான் பெரியவர்கள் செய்ய வேண்டியது.

அந்தப் 'பாதி' என்ற எண்ணையும் பலர் தவறாகப் படிக்கிறார்கள். ஒரு விவசாயி வெவ்வேறு ரக விதைநெல்லைக் கலந்து ஒரே மூட்டையாக வைத்திருக்கிறார் என்று வையுங்கள். பாதியை வாய்க்கால் தலைப்பில் உள்ள வயலில் விதைக்கிறார், பாதியைக் கடைமடையில். தலைப்பு வயலுக்குள் ஒரு பயிர் உயரம், இன்னொன்று குட்டை. தண்ணீரும் மண்ணும் ஒன்றுதான், ஆகவே அந்த வித்தியாசம் விதையால் வந்தது. கடைமடை வயலுக்குள்ளும் அப்படியே. ஆனால் கடைமடைப் பயிர் மொத்தமாகக் குட்டையாக இருக்கிறதே, அதற்கு விதை காரணம் ஆகுமா? தண்ணீர் வரவில்லை, அவ்வளவுதான். அந்தப் 'பாதி'யும் ஒரே வயலுக்குள் இருக்கும் வித்தியாசத்தைத்தான் சொல்கிறது, இரண்டு வயல்களுக்கு இடையே உள்ளதை அல்ல.

சென்னையின் சதுரங்கம் இதற்குக் கண்முன் இருக்கும் சாட்சி. 1988இல் விஸ்வநாதன் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். இன்று நாட்டின் கிராண்ட்மாஸ்டர்களில் பெரும் பங்கு தமிழ்நாட்டிலிருந்து வருகிறது. பிரக்ஞானந்தாவும் அக்கா வைஷாலியும் ஒரே வீட்டில் இரண்டு கிராண்ட்மாஸ்டர்கள். குகேஷ் 2024 டிசம்பரில் 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். முப்பது நாற்பது வருடத்தில் ஓர் ஊரின் மரபணு மாறாது. பயிற்சி மையங்கள் வந்தன, லீவு கொடுத்து ஊக்குவிக்கும் பள்ளிகள் வந்தன, பக்கத்துத் தெருவிலேயே பலமான எதிராளி கிடைத்தார். வாய்க்காலில் தண்ணீர் வந்தது.

இனி பத்தாயிரம் மணி நேரம். 1993இல் பெர்லினில் வயலின் மாணவர்களை வைத்து நடந்த ஓர் ஆய்விலிருந்து கிளம்பிய எண் அது. சிறந்த மாணவர்கள் 20 வயதுக்குள் பயிற்சி செய்த நேரத்தின் சராசரி. தாண்டினால் வெற்றி என்ற எல்லைக்கோடாக அதை அந்த ஆய்வு சொல்லவே இல்லை. விளையாட்டில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் பார்த்தபோது, வீரர்களுக்கிடையே உள்ள வேறுபாட்டில் 18 சதவீதத்தைத் திட்டமிட்ட பயிற்சியின் அளவு விளக்கியது. உச்ச நிலை வீரர்களை மட்டும் எடுத்தால் 1 சதவீதம். உச்சத்தில் எல்லோருமே மாய்ந்து மாய்ந்து பயிற்சி செய்திருப்பார்கள். அங்கே யார் முந்துவார் என்பதை மணிக்கணக்கு சொல்லாது.

உயரம் தாண்டுதலில் 2007 ஒசாகா உலகப் போட்டியை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். ஸ்வீடனின் ஸ்டீபான் ஹோல்ம் 1.81 மீட்டர் உயரம்தான். சிறுவயதிலிருந்து அதே வேலையாக இருந்து 2004இல் ஒலிம்பிக் தங்கம் வாங்கி, 2005இல் உள்ளரங்கில் 2.40 மீட்டர் தாண்டியவர். பஹாமாஸின் டொனால்ட் தாமஸ் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்தவர், 2006இல்தான் தாண்டவே தொடங்கினார். அன்று தங்கம் தாமஸுக்கு, 2.35 மீட்டர். ஹோல்ம் நான்காவது. உழைப்பு மட்டும் போதும் என்பவர்கள் தாமஸைப் பார்க்க வேண்டும். பிறவி மட்டும் போதும் என்பவர்கள் ஹோல்மையும், அதற்குப் பிறகு உலகப் போட்டியிலோ ஒலிம்பிக்கிலோ பதக்கம் வாங்காத தாமஸையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் கிரிக்கெட் உயரம் தாண்டுதல் போன்றதல்ல. இதில் கற்றுக்கொள்ள வேண்டியது மலை போல இருக்கிறது. 140 கிலோமீட்டர் வேகப் பந்து, கையை விட்டு மட்டைக்கு வர ஏறத்தாழ அரை வினாடி. கண்ணால் பார்த்து உடலை மாற்றவே 0.2 வினாடி போய்விடும். அப்படியும் எப்படி அடிக்கிறார்கள்? பிறவியிலேயே கண்ணும் கையும் வேகம் என்று நினைப்போம். விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்தும் சோதனை வைத்தால், பெரிய பேட்ஸ்மேன்களுக்கும் சாதாரண மனிதருக்கும் அதிக வித்தியாசம் வருவதில்லை. வித்தியாசம் வேறொரு சோதனையில் வருகிறது. பந்து கையை விடும் கணத்தில் வீடியோவை நிறுத்திவிட்டு, பந்து எங்கே வரும் என்று கேட்பார்கள். ஆஸ்திரேலியாவின் புரூஸ் அபர்னெத்தி இப்படிப் பல ஆய்வுகள் செய்தார். தேர்ந்தவர்கள் மணிக்கட்டையும் தோளையும் பார்த்தே சொல்லிவிடுகிறார்கள். அவர்கள் பந்து வருவதற்கு முன்பே படித்துவிடுகிறார்கள்.

அந்தப் படிப்பு எவ்வளவு குறுகலானது என்பதற்கு 2004இல் ஒரு வேடிக்கை ஆட்டம் சாட்சி. மென்பந்து வீராங்கனை ஜென்னி ஃபின்ச், இடுப்புக்குக் கீழிருந்து வீசி, பேஸ்பாலின் மிகப் பெரிய மட்டையாளர்களில் ஒருவரான ஆல்பர்ட் புஹோல்ஸை அவுட் ஆக்கினார். மட்டையால் பந்தைத் தொடக்கூட அவரால் முடியவில்லை. கண் அதே கண், கை அதே கை. அந்த மாதிரிக் கை வருவதை அவர் படித்ததில்லை.

கற்றல் எப்படி நடக்கிறது என்பதில் எனக்குப் பிடித்த ஆய்வு 1920களில் மாஸ்கோவில் நடந்தது. நிகோலாய் பெர்ன்ஸ்டைன், சுத்தியல் அடிக்கும் தேர்ந்த தொழிலாளிகளின் கையில் சின்ன விளக்குகளைப் பொருத்திப் படமெடுத்தார். சுத்தியல் ஒவ்வொரு முறையும் உளியின் தலையில் சரியாக விழுகிறது. ஆனால் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் வேறு வழியாகப் போகின்றன. தேர்ந்தவர் ஒரே அசைவை அச்சு மாதிரி திரும்பச் செய்வதில்லை. இலக்கைப் பிடித்துக்கொண்டு வழியை அவ்வப்போது சரிசெய்துகொள்கிறார்.

இதை நெட்ஸில் நான் கண்ணால் பார்த்தது ஒரு பையனிடம். 12 வயது ஆஃப் ஸ்பின்னர். பிட்ச்சில் ஒரு கைக்குட்டையை விரித்து வைத்து, அதன்மேல் பந்து விழ வேண்டும் என்று தினமும் அறுபது பந்து போடுவான். பாதிக்கும் மேல் கைக்குட்டையில் விழும். ஆட்டத்தில் முதல் ஓவரே ஃபுல்டாஸும் ஷார்ட் பாலுமாக இருக்கும். பேட்ஸ்மேன் இறங்கி வந்தால் கை உறைந்துவிடும். கைக்குட்டையை எடுத்துவிட்டேன். ஒரு பந்து வலது கைக்காரனுக்கு, அடுத்தது இடது கைக்காரனுக்கு. ஒன்று க்ரீஸின் ஓரத்திலிருந்து, ஒன்று ஸ்டம்பை ஒட்டி. ஒரு பந்து மெதுவாக, மேலே தூக்கி, அடுத்தது தட்டையாக. ஒரே பந்தை அடுத்தடுத்து இரண்டு முறை போடக் கூடாது. முதல் மூன்று வாரம் முன்பைவிட மோசம். அவன் அப்பா வந்து வருத்தப்பட்டார், அவர் பக்கத்தில் நியாயம் இருந்தது. பார்ப்பதற்கு அலங்கோலமாகத்தான் இருந்தது. இரண்டு மாதம் கழித்து ஓர் ஆட்டத்தில், ஒரு பேட்ஸ்மேன் இரண்டு முறை இறங்கி வந்து தூக்கி அடித்தான். மூன்றாவது முறை இறங்கினான். பையன் பந்தைக் கொஞ்சம் பின்னாலேயே விட்டு இன்னும் மேலே தூக்கினான். ஸ்டம்பிங். அந்தப் பந்தை நான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை.

அமெரிக்காவில் கல்லூரி பேஸ்பால் வீரர்களிடமும் 1994இல் இதையே பார்த்தார்கள். ஒரே வகைப் பந்தைத் தொடர்ந்து அடித்துப் பழகியவர்களைவிட, மூன்று வகையையும் கலந்து அடித்துப் பழகியவர்கள் இரு மடங்குக்கும் மேல் முன்னேறினார்கள். பயிற்சி நடக்கும்போது நன்றாக வருவதும், கற்றது ஒட்டிக்கொள்வதும் வேறு வேறு. பெற்றோர் நெட்ஸின் வெளியே நின்று பார்க்கும்போது இதை மனதில் வைத்துக்கொண்டால் பிள்ளைக்குப் பெரிய உதவி.

தெருக் கிரிக்கெட்டை நான் மதிப்பதும் இதனால்தான். அஷ்வின் சிறுவயதில் தொடக்க ஆட்டக்காரர், பேட்ஸ்மேனாகத்தான் பார்க்கப்பட்டார். அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட கேரம் பால், சென்னைத் தெருவில் டென்னிஸ் பந்தில் அவர் பார்த்துப் பிடித்துக்கொண்ட சொடக்குப் பந்து. 537 டெஸ்ட் விக்கெட் எடுத்த அவரையும், மிதவேகம் போட்ட முரளியையும், 11 வயதில் எந்தச் சோதனையும் சுழற்பந்து வீச்சாளர் என்று கண்டுபிடித்திருக்காது.

உங்கள் மகனுக்கு வருகிறேன். பிறந்த மாதத்தைப் பாருங்கள். வயதுப் பிரிவுக்கான கடைசித் தேதியை ஒட்டிப் பிறந்தவன் என்றால், தன்னைவிடப் பத்து மாதம் பெரியவர்களோடு ஆடுகிறான். கனடாவின் ஐஸ் ஹாக்கியில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே குவிந்திருப்பதை 1985லேயே காட்டினார்கள். தேர்வில் விழுந்தால் அதைத் திறமைக் குறைவு என்று அவனிடம் சொல்லிவிடாதீர்கள். வேறு விளையாட்டுகளை நிறுத்தாதீர்கள். உலகத் தரத்துக்குப் போனவர்கள் பெரும்பாலும் சிறுவயதில் பல விளையாட்டு ஆடி, தங்கள் விளையாட்டுக்குக் கொஞ்சம் தாமதமாக வந்தவர்கள் என்று அண்மை ஆய்வுகள் சொல்கின்றன. தோளோ முழங்கையோ வலிக்கிறது என்றால் அன்றைக்குப் பந்தை எடுக்க வேண்டாம். 14, 15 வயதில் திடீரென்று வளரும்போது லைன், லெங்த் எல்லாம் கலைந்துபோகும். நீண்ட கைக்கு மூளை புதிதாகக் கணக்குப் போட வேண்டும். அந்த ஒரு வருடம் பொறுமையாக இருங்கள்.

அப்புறம் ஒன்று. அவன் வீசுவதை இந்த வாரம் போனில் இரண்டு நிமிடம் எடுத்து வையுங்கள், பேட்ஸ்மேன் நிற்கும் பக்கத்திலிருந்து. ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் நின்று இன்னொன்று எடுங்கள். இரண்டையும் அவனோடு உட்கார்ந்து பார்த்து, என்ன மாறியிருக்கிறது என்று முதலில் அவனைச் சொல்லவிடுங்கள்.